ஒரு காலைக்கு ஒரு சிலை

எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்குள் அறுபதைத் தாண்டிய பத்துப் பேரை அழைத்துப் போனால் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நாலு பேர் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் தயங்குவார்கள். இரண்டு பேர் பைக்குள் கைவிட்டு நோட்டையும் பேனாவையும் எடுப்பார்கள். சிலையைப் பார்ப்பதற்கு முன் அதன் கீழே உள்ள பலகையில் இருக்கும் ஊர், நூற்றாண்டு எல்லாவற்றையும் எழுதி முடிப்பார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒருவர் உட்கார இடம் தேடுவார். மீதி இரண்டு பேர் அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள்.

இவர்களில் யாரையும் திருத்த வேண்டியதில்லை. திருத்திக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் வகுப்பு நடத்துபவர்தான். ஓய்வுபெற்றவர்களுக்குக் கலை ரசனை வகுப்பு என்றதும் கல்லூரிப் பாடத்தைச் சுருக்கிக் கொண்டுவந்து கொட்டுவது வழக்கமாகிவிட்டது. பல்லவர் ஒரு வாரம், சோழர் ஒரு வாரம், நாயக்கர் ஒரு வாரம். ஜன்னலை மூடிய அறை, திரையில் நூறு படம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் மூன்றாவது படத்திலேயே பாதிப் பேருக்குக் கண் செருகிவிடும். விழித்திருப்பவர்களும் ஆண்டுக் கணக்கைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், சிலையை அல்ல.

இந்த அத்தியாயம் பரிந்துரைப்பது வேறு முறை. ஒரு காலைப் பொழுது, ஒரே ஒரு சிலை. அங்கே நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: தெரிந்ததைச் சொல்லக் கூடாது, தெரிவதை மட்டும் சொல்லலாம்.

அவசரம் ஊர் உலகத்துக்கே பொது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் புகழ்பெற்ற 6 ஓவியங்களின் முன்னால் மக்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2001-ல் வெளியிட்டார்கள். சராசரி 27 விநாடி. பலகையைப் படிக்கும் நேரமும் அதில் அடக்கம். டபராவில் ஊற்றிய காபி ஆறுவதற்குக்கூட அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

இதற்கு நேரெதிரான ஒரு மனிதர் பிரெஞ்சுச் சிற்பி ரோடன். எழுபதைத் தாண்டிய வயதில் அவர் கைக்குச் சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்கள் கிடைத்தன. இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. அசல் சிலையைக் கண்ணால் கண்டதும் இல்லை. அந்தப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு உதடு, கை, கால், பக்கவாட்டுத் தோற்றம் என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தங்கித் தங்கிக் குறிப்புகள் எழுதினார். அவர் இறந்து நாலு ஆண்டு கழித்து, 1921-ல், அவை அச்சில் வந்தன. தத்துவ விளக்கம் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். அசல் சிலை இருக்கும் ஊரில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்க முடிகிறவர்களுக்கு இதைவிட நல்ல முன்னோடி வேண்டாம்.

முதலில் நாள், நேரம், நாற்காலி. ரசனை எல்லாம் அதற்குப் பிறகு.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறுகளில் கூட்டம். பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து நிற்கும் நாளில் பேச்சே காதில் விழாது. செவ்வாய் அல்லது புதன், காலை பத்து மணிக்கு மேல் என்பது தோதான வேளை. பார்க்கப்போகும் கூடம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்வது நல்லது. மடக்கு ஸ்டூல் கொண்டுவர அலுவலகத்தில் முன்னதாக அனுமதி வாங்கிவிட வேண்டும். முழங்கால் வலிக்கும் ஒருவருக்குச் சிலையின் அழகு பத்தாவது நிமிடத்தோடு முடிந்துவிடும். மீதி நேரம் அவர் தம் முழங்காலைத்தான் ரசித்துக்கொண்டிருப்பார்.

கழிப்பறை எங்கே என்பதை வகுப்பின் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடலாம். ரத்த அழுத்தத்துக்குக் காலையில் நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள் வெளியே கிளம்பத் தயங்குவதற்கு இதுதான் காரணம். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவார்கள்.

பத்து, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. பேசுகிறவர் சிலையைப் பார்த்துக்கொண்டு பேசக் கூடாது, முகத்தைக் குழுவின் பக்கம் திருப்பிப் பேச வேண்டும். காது மந்தமானவர்கள் பாதி வார்த்தைகளை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். புரோகிரஸிவ் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்குப் படி இறங்கும்போது கீழ்ப்படி மங்கலாகத் தெரியும். அங்கே பேச்சை நிறுத்திவிட்டு எல்லாரும் கைப்பிடியைப் பிடித்து இறங்கட்டும்.

கண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழு வகுப்பும் அதை நம்பித்தான் நடக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேருகிறது. கண் பாப்பா சுருங்குகிறது, லென்ஸ் பழுப்பேறுகிறது. காகிதத்தில் தீட்டிய ஓவியங்கள் வெளுத்துப்போகும் என்பதால் அருங்காட்சியகங்கள் அவற்றை 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில் வைக்கின்றன. ஆகவே, ஓவிய அறையில் ஒன்றுமே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான புகார். கல்லும் உலோகமும் வெளிச்சத்துக்கு அஞ்சுவதில்லை. முதல் சில வாரங்களுக்குச் சிற்பத்தை எடுத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

கண்புரையை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்குக் கண்புரை என்று மருத்துவர்கள் 1912-ல் கண்டறிந்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு அவர் உடன்பட்டது 1923-ல், 82 வயதில். இடைப்பட்ட காலத்தில் அவர் தீட்டிய குளத்துப் பாலத்தில் செம்மையும் பழுப்பும் ஏறிப்போயிருக்கும். அதே பாலத்தின் பழைய ஓவியத்தைப் பக்கத்தில் வைத்தால் வேறொருவர் வரைந்ததோ என்று தோன்றும். குழுவில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் முடிந்து மறு கண் காத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் காட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லலாம். ஒரு கண்ணுக்கு வெள்ளை, மறு கண்ணுக்குத் தேநீர்க் கறை படிந்ததுபோன்ற மஞ்சள். மோனேயைப் பற்றிய நீண்ட சொற்பொழிவு செய்யாததை அந்த வேட்டி செய்துவிடும்.

இனி, சிலை. முதல் காலைக்குத் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் பொருத்தம். 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. எழும்பூர்ச் சேகரிப்பின் பெருமைகளில் ஒன்று. பலகையை யாரும் படிக்கக் கூடாது. நோட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும். பத்து நிமிடம் பேச்சில்லாமல் பார்க்க வேண்டும். பிறகு எல்லாரையும் சிலைக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி: எத்தனை கை?

நாலு என்று ஐந்தாறு பேர் சொல்வார்கள். சாமி என்றால் நாலு கை என்பது தெரிந்த விஷயம். இரண்டு என்று ஓரிருவர் சொல்லலாம். திரும்பிப் பார்த்தால் மூன்று. வலப்பக்கம் சிவன், இரண்டு கை. இடப்பக்கம் உமை, ஒரே கை. பத்து நிமிடம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு மூன்று கையை நாலாக எண்ணியிருக்கிறோமே என்ற சிரிப்பு எழும். தெரிந்தது தெரிவதை எப்படி மறைக்கிறது என்பதற்கு இனி விளக்கம் வேண்டாம்.

அதன்பின் கேள்விகள் தாமாக வரும். தோள் எந்தப் பக்கம் அகலம்? இடுப்பு எந்தப் பக்கம் பிதுங்குகிறது? உடை ஒரு தொடையோடு நிற்கிறது, மறு காலில் எதுவரை இறங்குகிறது? முகத்தின் நடுவே கோடு கிழித்தால் இரு பாதியும் ஒன்றுபோல இருக்குமா? அபிகெய்ல் ஹவுஸன், ஃபிலிப் யெனவைன் என்ற இருவர் அமெரிக்க அருங்காட்சியக வகுப்புகளுக்காக வகுத்த முறை மூன்றே கேள்விகளில் நிற்கிறது: இங்கே என்ன நடக்கிறது, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள், வேறு என்ன தெரிகிறது. இரண்டாவது கேள்விதான் ஆணிவேர். “சாந்தமாக இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், எதைப் பார்த்து என்று கேட்க வேண்டும். இமையா, உதட்டோரமா, நிற்கும் விதமா? பதில் தேடி அவர் மறுபடி சிலையிடம்தான் போயாக வேண்டும்.

அளவு பார்ப்பதும் நல்ல வேலை. சுவாமிமலை ஸ்தபதிகள் ஒரு தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து உருவத்தின் அளவுகளைப் பிரிப்பார்கள். முகத்தின் நீளம் ஒரு தாளம். பெருந்தெய்வங்களுக்குப் பத்துத் தாளம் என்பது சிற்ப நூல் மரபு. குழுவில் ஆளுக்கொரு காகித நாடாவைக் கொடுத்து, கையை நீட்டி ஒரு கண்ணை மூடி, சிலையின் முகத்தை அதில் அளந்து, அந்த அளவு உடம்பில் எத்தனை முறை போகிறது என்று பார்க்கச் சொல்லலாம். விடை ஆளுக்கு ஆள் மாறும். தூரத்திலிருந்து அளப்பதில் அவ்வளவு பிசகு வரத்தான் செய்யும். யார் கணக்கு சரி என்ற வாக்குவாதத்தில் எல்லாரும் சிலையை மேலும் கால் மணி நேரம் பார்த்திருப்பார்கள்.

வாசலில் செருப்போடு தயங்கியவர்களை மறந்துவிடக் கூடாது. இது அருங்காட்சியகம், கோயில் அல்ல என்று சொல்லி அடக்குகிற வழிகாட்டிகள் உண்டு. அது தேவையில்லாத முரட்டுத்தனம். கும்பிட நினைப்பவர் ஒரு நிமிடம் கும்பிடட்டும். அப்புறம் வகுப்பு தொடங்கட்டும். சொல்லப்போனால் இந்தத் திருமேனிகளைப் பக்தியோடு பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு பெரிய வியப்பு காத்திருக்கிறது. கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் நகையுமாக, தீபாராதனையின் ஒரு கணத்தில், முகமும் கையும் மட்டும் தெரியப் பார்த்திருப்பார்கள். நடராசரின் முதுகை, இடுப்பின் திருப்பத்தை, முயலகன் மேல் ஊன்றிய காலின் விறைப்பை ஐம்பது வருடமாகக் கும்பிட்டவர்கூட இங்கேதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

அவர்கள் திருப்பிச் சொல்லிக்கொடுக்கவும் விஷயம் உண்டு. பீடத்தின் பக்கங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். கலை வரலாறு படித்த இளைஞர் அதைச் சாதாரணமாகக் கடந்துபோவார். சின்ன வயதில் ஊரில் சாமி தூக்கிய ஒருவர் நின்றுவிடுவார். தண்டு எதில் நுழையும், கயிறு எங்கே கட்டுவார்கள், வீதி முனையில் திரும்பும்போது பாரம் எந்தத் தோளுக்கு மாறும் என்று அவர் பேசத் தொடங்கினால் அன்றைய வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டு ஓரமாக உட்காருவதுதான் மரியாதை. தையல் தெரிந்த பெண் கொசுவத்தின் மடிப்பைப் படிப்பார். பிரசவ வார்டில் வேலை பார்த்த நர்ஸ் இடுப்பின் சாய்வைப் பற்றிச் சொல்வதைப் புத்தகத்தில் காண முடியாது. வங்கியில் முப்பது வருடம் கையெழுத்து ஒப்பிட்டவருக்கு இரண்டு சிலைகளின் விரல் நுனி வேறுபாடு சட்டென்று கண்ணில் படும்.

வகுப்புக்கு வந்து சேரும்போதே இவர்களுக்கு ரசனை இருக்கிறது. அதற்கு ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான். அதை வெளியே கொண்டுவர ஒரு வாரம் அருங்காட்சியகத்துக்குப் போகாமல் யார் வீட்டிலாவது கூடலாம். பரணிலிருந்து பைண்டு செய்த தொடர்கதைகளை இறக்கி எடுத்துவர வேண்டும். 1950-ல் கல்கியில் தொடங்கிய பொன்னியின் செல்வனுக்கு மணியம் வரைந்த படங்கள், விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்கள், கோபுலுவின் நகைச்சுவைக் கோடுகள். வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்று இந்தத் தலைமுறையின் மனசுக்குள் இருக்கும் முகம் மணியம் போட்டுக்கொடுத்தது. சில்பி ஒரு கல் தூணின் சொரசொரப்பைப் பேனா மையால் எப்படிக் காட்டினார் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர், அடுத்த முறை அந்தத் தூணின் எதிரே போய் நிற்கும்போது வேறு மாதிரி நிற்பார்.

காலண்டரும் வரட்டும். சாமி படம் என்று எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கியதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் லட்சுமியையும் சரசுவதியையும் வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகத் திரைகள் தீட்டி, கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜு தமிழ்நாட்டுக் காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்தார். எழும்பூரில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்களும் உண்டு. காலண்டரைக் கையில் வைத்திருந்தவர் மறுவாரம் எண்ணெய் வண்ணத்தின் எதிரே நின்று பட்டின் மினுமினுப்பைப் பார்க்கும்போது, அச்சில் எது தொலைந்துபோனது என்று தானே கண்டுபிடிக்கட்டும்.

நவீன ஓவியம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். “இதை என் பேரனே வரைவான்” என்ற வாக்கியம் எந்த வகுப்பிலும் ஒருமுறையாவது வரும். அதற்குக் கோபப்படவும் வேண்டாம், பதில் சொல்லவும் வேண்டாம். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு ஒரு காலை போய்வரலாம். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை ஓவியங்களில் எழுத்துபோல ஒன்று ஓடும், ஆனால் படிக்க வராது, நடுவே கட்டங்கள். சின்னப் பிள்ளைகள் அதை வெறும் கோலமாகப் பார்ப்பார்கள். ஜாதக நோட்டைப் புரட்டி வளர்ந்தவர்கள், பெண்ணுக்கு வரன் பார்க்க அந்த நோட்டோடு அலைந்தவர்கள், கட்டத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் நினைப்பது தவறும் அல்ல. பணிக்கர் ஜாதகத்திலிருந்து எடுத்தாண்டதுதான் அது. தினமும் மெரினாவில் நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் தரலாம்: ராய் சௌத்ரி வடித்து 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில் எத்தனை பேர், யார் கால் எங்கே ஊன்றியிருக்கிறது? பல வருடம் அதைக் கடந்து நடந்தவர்களும் மறுநாள் காலை போய் எண்ணிவிட்டுத்தான் வருவார்கள்.

மூன்றாவது மாதம் மாமல்லபுரம். அங்குள்ள பெரும் புடைப்புச் சிற்பம் கிழக்கு பார்த்தது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது உருவங்கள் எழுந்து நிற்கும், மதியத்துக்குமேல் நிழலில் அமிழ்ந்துவிடும். ஆகவே விடியற்காலையில் வேன் ஏற வேண்டும். சென்னை வெயிலில் பத்து மணிக்குமேல் பாறை முன்னால் முதியவர்களை நிறுத்துவது ரசனை ஆகாது. குடை, தொப்பி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், சர்க்கரை நோயாளிகளுக்குப் பிஸ்கட்.

ஏறக்குறைய 90 அடி நீளப் பாறையை ஒரே மூச்சில் பார்க்க முடியாது, முயலவும் கூடாது. ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவருக்கு யானையின் காலடியில் நிற்கும் குட்டிகள், ஒருவருக்குப் பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான், ஒருவருக்கு இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்யும் பூனை. பூனையைச் சுற்றி எலிகள். மேலே ஒற்றைக்காலில் நிற்கும் எலும்பும் தோலுமான தவசியையும் கீழே இந்தப் பூனையையும் மாறி மாறிப் பார்த்தால், பல்லவச் சிற்பி யாரைக் கேலி செய்கிறான் என்ற பேச்சு தானாக எழும். மேலே நிற்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்பது அறிஞர்கள் இன்னும் முடிக்காத வழக்கு. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த கூட்டத்துக்கு இதைவிடத் தோதான தலைப்பு கிடைக்காது. இரண்டு அணி பிரிக்கலாம். ஆனால் வாதத்துக்கு ஆதாரம் பாறையிலிருந்து மட்டும்தான் வர வேண்டும், புராணத்திலிருந்து அல்ல. நடுவர் தீர்ப்பும் வேண்டாம்.

இதையெல்லாம் நடத்தப் பேராசிரியர் வேண்டுமா? அவசியமில்லை. பிரான்ஸின் துலூஸ் நகரில் 1973-ல் பியர் வெல்லாஸ் தொடங்கிய ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நடந்தது. அதே யோசனை 1982-ல் பிரிட்டனுக்குப் போனபோது உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது என்று மாறிவிட்டது. தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கும் பூங்கா நடைக் குழுவுக்கும் இந்த இரண்டாவது வழியே ஒத்துவரும். மாதம் ஒருவர் பொறுப்பு. அவர் முந்தின வாரம் தனியாகப் போய்ச் சிலையைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். கட்டணம் என்று ஒன்று வைத்தால் வேனுக்கும் காபிக்கும் மட்டும் வைக்கலாம். நோட்டுப் புத்தகக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டுக்குப் போய், சாப்பிட்ட பிறகு, நினைவிலிருந்து எழுதட்டும். எழுத வராதவர் கோடு போடட்டும், எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. கை எந்த இடத்தில் தயங்குகிறதோ அந்த இடத்தைக் கண் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் அங்கே போய் நிற்கலாம்.

ஆறு மாதம் தாக்குப்பிடித்த குழு தஞ்சாவூருக்கு ரயில் ஏறலாம். அரண்மனையில் உள்ள கலைக்கூடத்தில் திருவெண்காட்டின் இன்னொரு திருமேனி இருக்கிறது: 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரிஷபவாகனர். ஒரு காலை ஊன்றி, மறு காலைக் குறுக்கே போட்டு, வெகு சாவகாசமாக நிற்கிறார். ஒரு கை எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. எதன் மேல்? அங்கே ஒன்றும் இல்லை. சாய்ந்திருந்த காளை தொலைந்துவிட்டது. சாய்மானம் மட்டும் ஆயிரம் வருடமாக நிற்கிறது.

அந்தக் காளை எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பதுதான் அன்றைய கேள்வி. கூடத்துக்குள் யாரும் நடித்துக் காட்டக் கூடாது, காவலர் விரட்டுவார். வெளியே முற்றத்துக்கு வந்ததும் ஒருவர் காலைக் குறுக்கே போட்டு அதே மாதிரி நின்று பார்க்க வேண்டும். காளைக்குப் பதிலாக இன்னொருவர் பக்கத்தில் குனிந்து நிற்க வேண்டும், முதுகு வலி இல்லாதவராக. இன்னும் கொஞ்சம் குனியுங்கள், இன்னும் கொஞ்சம் என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல, சிலையில் பார்த்த அந்தச் சாய்மானம் நிற்பவரின் தோளுக்கு வரும் இடத்தில் நிறுத்திக்கொண்டு, தரையிலிருந்து காளையின் முதுகுவரை நாடாவால் அளந்துகொள்ளலாம். பிறகு உள்ளே போய் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம்; டிக்கெட் கையில் இருக்கட்டும்.